சூடு தெரியாத குதிகால்

நூஹுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுப்பது என்று முடிவாகி நாலு நாளாகிவிட்டது. அந்த நாலு நாளும் எப்படிப் போனது என்று அவர் பெண்சாதி ஜெனூபாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தாள், சாறன் மாற்றிவிட்டாள், கேட்டவர்களுக்கெல்லாம் ஓம், இல்லை என்று பதில் சொன்னாள். அழவில்லை. பார்க்க வந்த சாய்ந்தமருதுச் சொந்தக்காரி ஒருத்தி, “இரும்பு மனசுகா இவளுக்கு” என்று மெச்சிவிட்டுப் போனாள். மனசு என்று ஒன்று உள்ளே இருக்கிறதா என்றே ஜெனூபாவுக்குச் சந்தேகம். மெச்சலை வைத்து அவள் என்ன செய்ய?

ஒப்பரேஷன் நாளன்று நூஹுவின் அண்ணன் அப்துல் கபூர் காக்கா விடியவே வந்துவிட்டார். வெட்டிய காலைக் குப்பையில் போட விட முடியாது, முறைப்படி அடக்க வேண்டும். மையவாடியின் மதிலோரம் சின்னக் குழியொன்று வெட்டச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வெளியே மர வாங்கில் குந்தியிருந்தார்.

அப்போதுதான் ஒரு இளம் டொக்டர் கையில் படிவத்தோடு கட்டிலடிக்கு வந்தார். பெயர் பஸ்மினா, மருதமுனைப் பிள்ளை. வைத்தியம் பார்க்க அல்ல, ஆராய்ச்சிக்கு வந்தவர்.

“காக்கா, உங்கட குதிகாலுக்கு மேல ஒரு கட்டி இரிக்கில்ல, அது உள்ள இருக்கிற தசைநாண் எலும்பானது. நாணுக்குள்ள ஸ்டெம் செல் எண்டு கொஞ்சம் இரிக்கி. நாண் தேஞ்சா, கிழிஞ்சா அதுதான் புது நாணாகி அந்த இடத்தத் திருத்தும். உங்களுக்கு அது வழி மாறி எலும்பாகிட்டு. ஏன் அப்பிடி மாறுது எண்டு கண்டுபிடிச்சா, உங்களப் போல வலை இழுக்கிற ஆக்களுக்கு நாளைக்கு மருந்து வரும். கால எடுத்த உடன அந்த நாண்ல ஒரு துண்டு தருவீங்களா?”

நூஹுவின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. முப்பது வருஷம் கரைவலை இழுத்தவர். குதியை மணலில் புதைத்து, பின்னுக்குச் சாய்ந்து, கயிற்றோடு மல்லுக்கட்டிய கால் அது. கடைசியில் அழுகின சாமான் என்று எல்லோரும் மூக்கைப் பொத்திய அந்தக் காலை ஒரு படித்த பிள்ளை வேண்டுமென்று கேட்கிறது.

“எடுங்க டொக்டர். மண்ணுக்குள்ள போக முதல் ஒராளுக்கு உதவட்டும். காக்காவோட நான் கதைக்கிறன்.”

டொக்டர் எழுதத் தொடங்கினார். சீனி வருத்தம் எத்தனை வருஷம்? பாதத்தில் உணர்ச்சி இல்லாமல் போய் எத்தனை வருஷம்? பன்னிரண்டு, மூன்று என்றார் நூஹு.

“புண் எப்பிடி வந்த?”

“சிப்பி குத்தின.”

“குதிகாலுக்குச் சூடு ஏதும் வெச்சீங்களா? ஒத்தடம், எண்ணெய்?”

“ஒண்டுமில்ல டொக்டர். ஒரு நாளும் வெச்சதில்ல.”

ஜெனூபா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அவருடைய கட்டி வலிக்கு அவள் எட்டு வருஷமாக அந்தியில் உப்பு வறுத்து, துணியில் முடிந்து ஒத்தடம் பிடிக்கிறாள். கல்முனைக்குடியில் அவர்கள் ஒழுங்கை முழுக்க அறிந்த சங்கதி அது. பாதத்தில் உணர்ச்சி போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள் கட்டாரில் இருக்கிற மகளின் போன் வந்தது. பொட்டலத்தைக் குதிகாலுக்குக் கீழே வைத்துவிட்டுக் கதைக்கப் போனாள். கட்டார்க் கதை நீண்டது. திரும்பி வந்தபோது தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது. நூஹு அசையாமல் டீவி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கொப்புளம் உடைந்ததும், “சிப்பி குத்தியிருக்கும்” என்று அவள்தான் சொன்னாள். “இருக்கும்” என்றார் அவர். அன்றிலிருந்து வீட்டில் அதுதான் உண்மை.

ஒன்றும் தெரியாத மனிதன் ஒத்தடத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? தெரிந்தவர்தான் ஒளிப்பார்.

“டொக்டர், அது பொய்” என்றாள். “உப்பு ஒத்தடம் வெச்ச நான்தான். சுட்டுப் போட்டன். சிப்பி ஒண்டும் குத்தல்ல.”

டொக்டரின் பேனா நின்றது. சுட்ட அளவு, வைத்த இடம், எத்தனை வருஷப் பழக்கம் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு படிவத்தை மடித்தார்.

“மன்னிச்சுக்கங்க ராத்தா. சூடு பட்ட செல் வேற மாதிரி நடக்கும். இத எடுத்தா எங்கட ஆராய்ச்சி பிழைச்சிரும்.” போகத் திரும்பியவர் நின்று, “சொன்னது நல்லம்” என்றார். அது யாருக்கு நல்லம் என்று சொல்லவில்லை.

நூஹு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?” என்று கேட்டாள் ஜெனூபா.

“அண்டைக்கே தெரியும். காலுக்குத்தான் உணர்ச்சி இல்ல, மூக்கு நல்லாத்தான் இரிக்கி.”

“ஏன் ஒரு சொல்லுச் சொல்லல்ல?”

“சொன்னா ஆறிருமா?” என்றவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “இன்னும் கொஞ்சம் வாயப் பொத்திட்டு இருந்திருக்கலாம் நீ. அந்தக் கால் ஒராளுக்குப் பிரயோசனப்பட்டிருக்கும்.”

பதினொரு மணிக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பகல் திரும்பியபோது, அப்துல் கபூர் வெள்ளைத் துணியில் சுற்றியதைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். ஆராய்ச்சிக் கதையைக் கேள்விப்பட்டிருந்த அவருக்கு, துண்டு குறையாமல் முழுக்காலும் போகிறது என்று நிம்மதி. ஜெனூபா பார்த்துக்கொண்டு நின்றாள். குற்றத்தைச் சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். அவளுக்கு லேசாகவும் இல்லை, பாரமாகவும் இல்லை.

பின்னேரம் அசர் தொழுகை நேரம் நூஹுவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மருந்து மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. அவள் பக்கத்தில் இருந்து, ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். கண்ணைத் திறக்காமலே அவர் முகத்தைச் சுளித்தார்.

“ஜெனூபா, குதிகால் சுடுது.”

அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். “எந்தக் கால்?”

“வலது. பொட்டலத்த எடு புள்ள. நல்லாச் சுடுது.”

மூன்று வருஷமாக நெருப்பை வைத்தாலும் தெரியாத கால். இப்போது அது மையவாடி மண்ணுக்குள் கிடந்தது. ஜெனூபா எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். விரிப்பு தட்டையாகக் கிடந்த இடத்தில் இரண்டு கையையும் கொண்டுபோய், இல்லாத பொட்டலத்தைத் தூக்கினாள்.

“எடுத்துட்டன்” என்றாள். அதைச் சொல்லி முடிக்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னும் சுடுது” என்றார் நூஹு.

அவள் அழுதுகொண்டே மறுபடியும் எடுத்தாள்.