நாலாம் மாடியில் ஆறாத கஞ்சி

லிஃப்ட்காரர் இறந்த செவ்வாய்க்கிழமை காலை அவருடைய சாப்பாட்டு மேசையில் இருந்த கஞ்சி, வியாழக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அடியில் அடுப்பு கிடையாது. உச்சி மாடியான ஏழாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் வெப்பமானியோடு இறங்கி வந்து அளந்தார். நூறு டிகிரி. மறுநாளும் அளந்தார், அதே நூறு. கஞ்சியைக் கொட்டிவிட்டு வேறு எதை வைத்தாலும் அரை நிமிடத்தில் அதே சூட்டுக்கு வந்தது. பச்சைத் தண்ணீர் கொதித்தது. ரொட்டி கருகவில்லை, ஆனால் விரல் வைக்க முடியவில்லை. ஆசிரியர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு, மேசையில் குறை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறந்தவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். அவர் கை பட்ட லிஃப்டில் ஒருவர் விரல்கூட நசுங்கியதில்லை. வேலை முடிந்ததும் யாரையும் ஏறவிட மாட்டார். "முதல்ல நான் போய்ப் பாத்துடுறேன்" என்று தனியாக ஏறி உச்சி மாடிக்குப் போவார். எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே இறங்கிக்கொண்டு லிஃப்டைக் காலியாகக் கீழே அனுப்புவார். காலி லிஃப்ட் வந்து கதவு திறந்தால் பயமில்லாமல் ஏறலாம் என்று அர்த்தம். கம்பெனியில் யாரும் அவரை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே என்பார்.

வீட்டில் அவருடைய சாப்பாட்டு ஜெபம் பிரசித்தம். விதைத்தவருக்கு நன்றி, மூட்டை தூக்கியவருக்கு நன்றி, சமைத்தவளுக்கு நன்றி என்று தொடங்கி, கையில் இருக்கும் லிஃப்ட் ஒவ்வொன்றையும் தெருவோடும் கதவு எண்ணோடும் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பார். ஆண்டவருக்கு முகவரி தெரியாதா என்று மகன் ஒருமுறை கேட்டான். "அவருக்குத் தெரியும்டா, நான் மறந்துடக் கூடாதில்ல" என்றார். ஆமென் சொல்வது மட்டும் மனைவியின் வேலை. கல்யாணமான மறுநாள் அவர் ஜெபத்தை முடிக்க வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தபோது, பசி பொறுக்காமல் அவளே ஆமென் போட்டு முடித்துவைத்தாள். அன்றிலிருந்து அவர் "அவ்வளவுதான் ஆண்டவரே" என்பார், அவள் ஆமென் என்பாள். அதற்குமுன் யாரும் கண் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சாப்பாடு ஆறிப்போகிறது என்பது அவளுடைய அன்றாடப் புகார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் "கிளை நூலகத்து லிஃப்டுக்காகவும்" என்று சொல்லி நிறுத்தினார். முகவரியை யோசிக்கிறார் என்று மனைவி, மகள், மகன் மூவரும் நினைத்தார்கள். அப்படி யோசிப்பது வழக்கம்தான். மகள் பல் மருத்துவமனைக்குக் கிளம்பும் சீருடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மனைவி ஆமெனை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பதினோரு நிமிடம் கழித்து, மகன் வேலை செய்யும் பார்சல் வண்டி கீழே ஹாரன் அடித்தபோதுதான் கண்களைத் திறந்தார்கள். அவர் கைகூப்பித் தலை குனிந்தபடியே போய்விட்டிருந்தார். இதயம் ஒரே நொடியில் நின்றிருக்கிறது, நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மகனுக்கு அது போதவில்லை. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஜெபத்திலும் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தவன் அவன். அந்த ஒருநாள்தான் பார்க்கவில்லை.

பிறகு ஒன்பது வாரம் அந்த மேசை கொதித்தது. மின்சாரம் நின்ற நாட்களில் அக்கம்பக்கத்தார் கெண்டியோடு வந்து வெந்நீர் வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாடிப் பெண் குழந்தையின் பால் புட்டிகளையெல்லாம் அங்கேதான் கொதிக்கவைத்தாள். போதகர் வந்து அழகான சொற்களில் ஜெபித்துக் கணீரென்று ஆமென் சொன்னார். பிறகு காபியை வாயில் வைத்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிரசங்கம் வழக்கத்தைவிடச் சுருக்கமாக இருந்ததாகச் சபையார் பேசிக்கொண்டார்கள்.

மகளும் மகனும் சமையலறையில் நின்றபடி எதையாவது விழுங்கிவிட்டு ஓடினார்கள். மனைவி அப்படிச் செய்யவில்லை. மூன்று வேளையும் மேசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்திருந்துவிட்டு எழுந்துபோனாள். இரண்டு மிடறு பால், ஒரு பழம், அவ்வளவுதான் அவள் ஆகாரம். தையல் கடையில் அளவெடுப்பவள் ஆகையால் தன் உடைகளை இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். பிறகு இன்னும் ஓர் அங்குலம். மகள் பயந்துபோனாள். வீட்டில் இன்னொரு சவப்பெட்டியைத் தாங்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஒன்பதாம் ஞாயிறு, நண்பகலில், மகள் சூப் வைத்துத் தம்பியையும் இழுத்து உட்காரவைத்தாள்.

"அம்மா, அப்பா ஆரம்பிச்ச ஜெபம் அப்படியே கிடக்குது. யாரு ஆமென் சொன்னாலும் இது கேக்காது. நீதான் சொல்லணும்."

"அவரு முடிக்கலையே. முடிக்காத ஜெபத்துக்கு நான் எப்படி ஆமென் சொல்றது?" என்றாள் அம்மா. "சொன்னா முடிஞ்சுபோயிடும்."

சூப் குமிழி விட்டது. அப்போது மகன் கண்ணை மூடினான். கோயிலுக்குப் போவதையே நிறுத்தி மூன்று வருடமாகியிருந்த பையன்.

"கிளை நூலகம், பின்பக்கத் தெரு, இருபத்தேழாம் நம்பர்" என்றான். "மூணாவது மாடியில கதவு பாதியில நிக்குது." கண்ணைத் திறக்காமலே, "நான் பாத்திருக்கணும்மா. தினமும் பாப்பேன். அன்னைக்குப் பாக்கல" என்றான்.

அம்மா கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, வாழ்நாளில் ஆமென் தவிர வேறெதையும் சத்தமாக ஜெபித்திராத அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, உம்ம மேல எனக்குக் கோபந்தான். அதை வச்சுக்கிட்டே சொல்றேன். இந்த மேசையை, லிஃப்ட் ஓடாத காலத்துல, தனியா முதுகுல தூக்கி நாலு மாடி ஏத்தின மனுஷனுக்காக நன்றி. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா தலைமாட்டுல உக்காந்தே தூங்கினவருக்காக நன்றி. என்னை ஒருநாளும் திட்டாதவருக்காக நன்றி. ஒரே ஒரு நாள் திட்டினாரு, தப்பு என் மேலதான், அதுக்கும் நன்றி. அன்னைக்கு இவன் கண்ணை மூடியிருந்தது நல்லதுக்குத்தான். அப்பா சாகறதை அவன் பாக்க வேணாம்னு நீர் வச்சீர்."

இப்படித் தொடங்கியவள் நிறுத்தவில்லை. அவர் துடைத்த மூக்குகள், அவர் மறந்துபோன கல்யாண நாள்கள், தெருவும் கதவு எண்ணுமாக அவர் சரிசெய்த லிஃப்டுகள், எல்லாம் வந்தன. கடிகாரத்தில் ஐம்பது நிமிடம் போயிருந்தது.

"முதல்ல நான் போய்ப் பாத்துடுறேன்னு போயிருக்காரு. அவரு எப்பவும் அப்படித்தான் போவாரு. அவ்வளவுதான் ஆண்டவரே."

இப்போது யார் முடிப்பது என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஆமென் என்றவன் மகன்.

ஆவி அடங்கியது. மூவரும் கண்களைத் திறந்தபோது சூப்பின் மேல் ஏடு படிந்து சில்லிட்டுப்போயிருந்தது. மகன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பாவே இதைவிடச் சீக்கிரம் முடிச்சிருப்பாரு" என்றான். அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, ஒருவழியாக அடங்கிய பிறகு இரண்டு கிண்ணம் குடித்தாள்.

அவள் மூன்றாவது கிண்ணத்தை எடுத்தபோதுதான் வெளியே லிஃப்டின் சத்தம் கேட்டது. மேலிருந்து இறங்கி வந்து நாலாம் மாடியில், அவர்கள் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆள் இல்லை. ஏழாம் மாடியில் அந்த நேரத்தில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்றும், தான் பொத்தானைத் தொடவே இல்லை என்றும் வேதியியல் ஆசிரியர் பிற்பாடு எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டில் ஆமென் சொன்னதும் லிஃப்ட் காலியாக வந்து நிற்கிறது. மற்றக் குடித்தனக்காரர்கள் அந்த நேரத்தில் படியில் ஏறிக்கொள்கிறார்கள். அம்மா கரண்டியைக்கூடக் கீழே வைப்பதில்லை. திறந்த கதவைப் பார்த்து, "இருங்க, சாப்பிட்டுட்டு வர்றோம், அவசரமில்ல" என்கிறாள். லிஃப்ட் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, கதவை மூடிக்கொண்டு மேலே போகிறது.