ஒன்பது காலிக் கட்டங்கள்

ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் பிரிவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பேர். ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவாள் என்று பெருமையாக வைத்த பேர். அந்தப் பெருமையே ஒருநாள் அவள் காலை வாரிவிடும் என்று யாராவது அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவள் பொறுப்பில் நூற்றுச் சொச்சம் ரிப்போர்ட்டுகள். அதில் ஒன்றுதான் உயிர் சம்பந்தப்பட்டது: மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல். திங்கட்கிழமைதோறும் அச்சாகி அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகும். சிறுநீரகம் ஒன்று வந்தால், ரத்த வகை பார்த்து, அந்தத் தாளில் மேலே இருக்கிற பேருக்குத்தான் போன். தாளில் பேர் இல்லாதவருக்குப் போன் கிடையாது.

அந்தப் பட்டியலில் அவளுடைய அண்ணனும் இருந்தார். ஏழு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அதனாலேயே அவள் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருந்தாள், ரிப்போர்ட்டின் அமைப்பைத்தான் தொடுவேன், பேர்களைப் பார்க்க மாட்டேன் என்று. தங்கச்சி உள்ளே இருக்கிறாள், அண்ணனுக்கு முன்வரிசை என்று நாளைக்கு ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது பாருங்கள். தாளை மடித்து, அடியில் இருக்கிற மொத்தத்தை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு சரிபார்ப்பாள். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை, யாருக்கு என்ன பிரயோஜனம்?

பிறகு ரிப்போர்ட் மென்பொருளின் புது வெர்ஷன் வந்தது. பழைய ரிப்போர்ட்டெல்லாம் புதியதிலும் அப்படியே ஓடும் என்று கம்பெனிக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. ஓடவும் ஓடியது, வினையே அதுதான். ஒரு பிழைச் செய்தி வந்திருந்தால்கூட அவள் உஷாராகியிருப்பாள். அதே எழுத்து, அதே கோடு. தாளை மடித்தாள். பழையதில் மொத்தம் 412, புதியதிலும் 412. 'பொருந்துகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பதின்மூன்று வாரம் கழித்து அண்ணி போன் பண்ணினாள்.

"டயாலிசிஸ்ல இவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கிடைச்சிருச்சாம்மா. இவருக்கு நாலு வருஷம் கழிச்சுப் பேர் கொடுத்தவரு. ரத்தமும் ஒரே வகைதான். அதெப்படி?"

"பொருத்தம் பார்க்கிறதுல ஆயிரம் இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். நம்ம பேர் அதுல இருக்கா, இல்லையா, அதை மட்டும் பாத்துச் சொல்லேன். இத்தனை வருஷத்துல உன்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பேனா?"

கேட்டதில்லை. அதுதான் அவளைக் குத்தியது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து, முதல் தடவையாக மடிப்பைப் பிரித்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். அண்ணன் பேர் இல்லை. பென்சிலை எடுத்து வரி வரியாக எண்ணினாள். 403 வரி. அடியில் மட்டும் கல்லு மாதிரி 412.

பழைய பதிவுகளையும் மென்பொருளின் கையேட்டையும் இழுத்துப் போட்டுத் தேடினாள். பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறுவதற்கு முன்னால் அட்டையில் பதிந்த ஒன்பது பேருக்குப் பதிவுத் தேதிக் கட்டம் காலி. இன்றைக்கு முன்னால் பதிந்தவரை மட்டும் காட்டு என்பது ரிப்போர்ட்டின் நிபந்தனை. பழைய வெர்ஷன் காலிக் கட்டத்தை எல்லாவற்றுக்கும் முந்திய தேதியாக எடுத்துக்கொண்டு அவர்களைத் தலைமாட்டில் உட்கார வைத்தது. புதியது, தேதியே தெரியாதவர் நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட்டது. அடியில் வரும் மொத்தத்துக்கு அந்த நிபந்தனையே கிடையாது, பதிந்த எல்லாரையும் எண்ணிவிடும். கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி: காலிக் கட்டத்தைப் பழையபடி எடுத்துக்கொள்ள இந்தப் பெட்டியில் டிக் அடிக்கவும். அவள் முப்பது பக்கம் வரை படித்திருந்தாள்.

டிக் அடித்தாள். அரை நிமிஷம் ஆகவில்லை. ஒன்பது பேரும் வந்தார்கள். அண்ணன் அவர் ரத்த வகையில் முதலாவதாக நின்றார்.

தாளை எடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் ஓடினாள். அந்தம்மா ஒன்பது பேரையும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மேல இருந்த பேரெல்லாம் காணோமேன்னு பார்த்தேன். கிடைச்சிருக்கும், இல்லேன்னா போய்ச் சேர்ந்திருப்பாங்கன்னு நினைச்சேன். இங்க பேர் காணாமப் போறது அந்த ரெண்டு வழியிலதானே?"

ஒன்பதில் இரண்டு பேர் இதற்குள் உண்மையாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணனின் ரத்த வகையில் இரண்டு சிறுநீரகம் வந்து வேறு ஆட்களுக்குப் போயிருந்தன.

"அடுத்தது அவருக்குத்தானே?" என்று கேட்டாள்.

அந்தம்மா கோப்பைப் புரட்டினார். "போன வாரம் எடுத்த ஸ்கேன்ல இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கும்மா. மயக்க மருந்து தாங்காது, பேரை எடுத்துடுங்கன்னு டாக்டர் எழுதிட்டார். மூணு மாசம் முன்னாடின்னா தாங்கியிருக்கும்." இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவால் அண்ணன் பேரின் மேல் ஒரு கோடு போட்டார். மணி பதினொன்று. "வீட்டுக்கு நாங்கதான் சொல்லணும்."

"நான் சொல்றேன்."

பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தாள். என்னாலதாண்ணா. நான்தான் கையெழுத்துப் போட்டேன். பேரைப் பார்க்காமப் போட்டேன்.

அண்ணன் நாற்காலியில் வீங்கின காலை ஸ்டூல்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்ன, ஆபீஸ் நேரத்துல? பார்த்தியா? எத்தனாவதா இருக்கேன்?"

அவர் கண்ணைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

"உங்க வகையில முதல் பேரு உங்களோடதுதாண்ணா."

பதினொரு மணி வரைக்கும் உண்மைதான் அது.

"நான் சொல்லல?" என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "என் தங்கச்சி அங்க இருக்கிறப்ப நமக்கென்ன கவலைன்னு சொன்னேனா இல்லையா? அந்தப் பையை இறக்கு. போன் வந்தா அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்."

அண்ணி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். துண்டு, செருப்பு, பழைய ஸ்கேன் தாள்கள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள், "உன்னைப் போய் ஒரு நாள் தப்பா நினைச்சிட்டேம்மா. மனசுல வச்சுக்காதே."

அவளுக்குச் செத்துப் போய்விடலாம் போலிருந்தது.

அண்ணி ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு போதுமா, இன்னொண்ணும் வைக்கவா?"

"இன்னொண்ணும் வைங்க அண்ணி," என்றாள்.