எதிர் வரிசை ஓட்டு

மாகாணத் தேர்தலுக்குத் தொகுதிகளைப் புதிதாகப் பிரித்தவர்களை அக்கா காலையிலிருந்து திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்த பிறகும் வாய் ஓயவில்லை.

"கோடு போட ஊர்ல வேற இடமே கிடைக்கலையா? நம்ம தெரு நடுவுலதான் போடணுமா?"

தெருவின் இந்த வரிசை முழுக்கச் சொந்தக்காரர்கள். பெரியப்பா, சித்தி, இரண்டு மாமன்கள், அத்தனை பேரும் இப்போது பக்கத்துத் தொகுதி. தம்பி நிற்கும் தொகுதியோ எதிர் வரிசையில்தான் தொடங்குகிறது. அதைக்கூடப் பார்க்காமல், ஒரு வாரமாகச் சொந்தக்காரர் வீடுகளிலேயே ஓட்டுக் கேட்டு, கும்பிடு போட்டு, காபி குடித்துவிட்டு வந்திருக்கிறான் அந்த மகா புத்திசாலி. ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவன். இந்தத் தடவையும் கவிழ்ந்தால் கட்சி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"அக்கா, எதிர் வீட்ல ஆறு ஓட்டு இருக்கு. நீ ஒரு வார்த்தை கேட்டா..."

"நானா? அவ மூஞ்சில நான் முழிக்கணுமா?"

எதிர் வீட்டுக்காரி பேக்கரி நடத்துகிறவள். கேட்டை மறித்து வேனை நிறுத்தினாள் என்று அக்கா தெருவையே கூட்டிச் சண்டை போட்டு வருஷங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. எந்தத் தேர்தலிலும் தம்பியை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட விட்டதில்லை. இப்போது அவன் முகம் தொங்கிப்போய் நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலையெழுத்தே என்று எழுந்து போனாள்.

"வாங்க, உட்காருங்க" என்றாள் பேக்கரிக்காரி. அந்த மரியாதை வேறு அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது.

"தம்பிக்கு... உங்க வீட்டு ஓட்டு..."

"போன ரெண்டு தடவையும் அவருக்குத்தான் போட்டோம். சாக்கடை உடைஞ்சப்போ முழங்கால் தண்ணில இறங்கி நின்னாரே, மறப்போமா? நீங்க யாரும் வந்து கேக்கக்கூட இல்ல."

அக்கா அவசரமாகக் கேட்டாள். "அப்போ இந்தத் தடவையும்..."

"அதான் யோசிக்கிறோம். கோடு மாறலைன்னா இந்தப் படி ஏறியிருப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மாட்டேன்" என்றாள் அக்கா. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

தம்பி தெருவிலேயே காத்திருந்தான். "என்னக்கா சொன்னாங்க?"

"நீயே போய்க் கேளு."

"நீயும் வாயேன்."

"வேணாம்டா. கேக்காமலே விழுந்த ஓட்டு. நான் வந்தா அதுவும் விழாது."