பதினோராவது தீர்மானம்

கட்சியின் மாவட்டச் செயலாளர் தையல் கடைக்குள் நுழைந்தபோது அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "உட்காருங்கண்ணே, இந்த ஒரு தையல்தான்" என்றாள். அவர் வெட்டுத்துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டாலே அவள் ஓடியிருப்பாள். மனிதர் தானே நடந்து வந்திருக்கிறார் என்றால் வந்த காரியம் சின்னதாக இருக்காது.

"உன் தம்பிகிட்ட நீதாம்மா பேசணும்" என்றார் செயலாளர்.

அவள் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

தம்பி மருந்துக்கடை வைத்திருப்பவன், அதே கட்சிக்காரனும்கூட. கடை இருக்கிற அதே சாலையில்தான் சிறைச்சாலையும் இருந்தது. உள்ளே இருக்கும் புருஷனையோ பிள்ளையையோ பார்த்துவிட்டு வரும் பெண்கள் நேராக அவன் கடைக்கு வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒரே மருந்து, சொறி சிரங்குக்குப் பூசுகிற களிம்பு. முதலில் அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தான். அப்புறம் விசாரிக்க ஆரம்பித்தான். முப்பது பேர் இருக்க வேண்டிய அறையில் எண்பது பேர். முறை போட்டுத் தூங்குகிறார்கள். பாதிப் பேருக்கு மேல் இன்னும் வழக்கே நடக்கவில்லை. கேட்கக் கேட்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டான். சின்ன வழக்குகளில் விசாரணை முடியாமல் கிடப்பவர்களைச் சொந்த ஜாமீனில் விட வேண்டும், நம் கட்சி இதைச் சொல்லியே ஓட்டுக் கேட்க வேண்டும் என்று. தீர்மானங்களின் வரிசையில் அது பதினோராவது.

"தேர்தல் வாசலுக்கு வந்துருச்சு" என்றார் செயலாளர். "திருடங்க கட்சின்னு நம்மளைச் சுவர் சுவரா எழுதுவானுங்க. இந்தத் தடவை சீட்டு தம்பிக்குத்தான்னு மேலிடத்துல சொல்லி வச்சிருக்கேன். இந்த ஒண்ணை மட்டும் வாபஸ் வாங்கட்டும். இல்லேன்னா என்னால தாங்கிப் பிடிக்க முடியாது. திருடு போனதே உன் கடையிலதானேம்மா? நீ சொன்னா அவனால தட்ட முடியாது."

அவர் போன பிறகும் அவளுக்குக் காலர் வேலை ஓடவில்லை. அவர்களுடைய அப்பா காலமெல்லாம் இந்தக் கட்சிக்குக் கொடி கட்டியவர். ஒரு நாளும் மேடை ஏறாமல் மேடைக்குக் கீழே நின்றபடியே போய்ச் சேர்ந்தவர். தம்பி பெயர் சுவரில் வரப்போகிறது என்று சொந்தபந்தமெல்லாம் இப்போதே கனவு கண்டுகொண்டிருந்தது. அவளும்தான். தாயில்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக்கூடாதா?

திருட்டை அவள் மறந்துவிடவில்லை. போன வருஷம் ஒரு பெயிண்டர் பூட்டை உடைத்து, துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினையும் பள்ளிச் சீருடைக்கு வந்திருந்த துணிக்கட்டையும் தூக்கிக்கொண்டு போனான். சீருடை வரவில்லை என்று ஊரெல்லாம் அவளைத்தான் திட்டித் தீர்த்தது. அந்த வாரமே ஆள் மாட்டினான். மெஷின் திரும்பி வந்தது, துணி வரவில்லை. அவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று அவள் வாயாரச் சபித்தாள். பிறகு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போகப் போக, ஒவ்வொரு முறையும் அவன் ஒரு சுற்று இளைத்திருந்தான். விரலிடுக்கெல்லாம் புண். ஒருநாள் போலீஸ்காரர்களுக்கு நடுவே அவளைக் கடக்கும்போது, தலையைக் குனிந்தபடி, "மெஷின் நல்லா ஓடுதாக்கா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்த பிறகு, என்ன துணிச்சல் என்று கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயே வேறு ஏதோ ஒன்று முள்ளாய் நெருடியது.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அவள் மருந்துக்கடைக்குப் போனாள். செயலாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தம்பி மாத்திரை அட்டைகளை அடுக்கியபடியே கேட்டுக்கொண்டான்.

"சீட்டு போயிடும்டா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் பண்றியா?"

"சீட்டை வாங்கிட்டு இந்தப் பொம்பளைங்க மூஞ்சியில எப்படிக்கா முழிக்கிறது? நாளைக்கும் இதே வாசல்லதானே வந்து நிப்பாங்க?" அட்டையைக் கீழே வைத்தான். "ஆனா பாதிக்கப்பட்டவ நீ. நீ வேணாம்னு சொல்லு, இப்பவே வாபஸ் வாங்கிடுறேன்."

ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அது கெஞ்சவில்லை, வீறாப்பும் காட்டவில்லை. அவள் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் முகம். இப்படி ஒருத்தனை நானா வளர்த்தேன் என்று இருந்தது அவளுக்கு.

"பொழைக்கத் தெரியாதவனே" என்று திட்டினாள். "சட்டையில பொத்தான் பிஞ்சு தொங்குது. இதோடயா மாநாட்டுக்குப் போவ? கழட்டிக் குடு."

மாநாட்டு மண்டபத்தில் மகளிர் வரிசையில் அவள் ஆறாவது நாற்காலியில் இருந்தாள். பத்துத் தீர்மானங்கள் கைதட்டலோடு ஓடிப்போயின. பதினோராவதைத் தம்பி வாசித்தான். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. முடிப்பதற்குள் முன்வரிசையில் ஹார்டுவேர் கடைக்காரர் எழுந்துவிட்டார். அந்தச் சீட்டின்மேல் அவருக்கும் ஒரு கண் இருந்தது ஊரறிந்த விஷயம்.

"தம்பி, உங்க அக்கா கடைப் பூட்டை உடைச்சவனையும் வெளிய விடணுமா? சொந்த அக்காவுக்கே இதுதான் நியாயமா?"

மண்டபம் சிரித்தது. தம்பி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவனிடம் பதில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அக்காவை நடுச்சபைக்கு இழுக்க வேண்டும் என்றுதான் விழுங்கிக்கொண்டு நிற்கிறான். சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

எழுந்தது எப்படி என்று பிற்பாடு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. மைக்கைக் கையில் வாங்கியபோது அது கீச்சென்று கத்தியது.

"அந்த அக்கா நான்தான்" என்றாள். "எனக்கு அவன் மேல கோவம் இன்னும் போகல. தண்டனை குடுங்கன்னுதான் நானும் கேக்குறேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் போலீஸ் வரல, ஒரு நாள் ஃபைலைக் காணோம். இன்னும் தீர்ப்பு வரல. இந்தத் திருட்டுக்கு வழக்கமா எவ்வளவு காலம் குடுப்பாங்களோ அதுக்கு மேலயே அவன் உள்ள இருந்தாச்சு. படுக்க இடமில்லாம முறை போட்டுத் தூங்குறான். இதெல்லாம் யார் பேர்ல நடக்குது? புகார் குடுத்தவ நான்; என் பேர்லதான் நடக்குது. எனக்கு இது வேணாம். என் மெஷினைக் காட்டி யாரும் ஓட்டுக் கேக்கவும் வேணாம்."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹார்டுவேர் கடைக்காரரின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவரும் வாங்கிக்கொண்டார். இந்தமுறை சிரிப்பு வேறு பக்கம் பார்த்து எழுந்தது. மேடையில் தம்பி பேப்பரை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான், கண் நிறைந்திருந்தது.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். அவள் தூக்கினாள். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இரண்டு பேர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போய், மேடையில் குனிந்து ஏதோ சொன்னார்கள். செயலாளர் நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டு பேரும் வேற வேற கணக்குச் சொல்றாங்க. மறுபடியும் எண்ணட்டும். யாரும் கையை எறக்க வேணாம்."

நாள்பூராவும் மெஷினில் குனிந்து குனிந்து தேய்ந்துபோன தோள், சுரீரென்று இழுத்தது. கை மெல்லத் தாழ ஆரம்பித்தது. முன்பின் தெரியாத பக்கத்து நாற்காலிக்காரி, தன் வலக்கையை உயர்த்திய நிலையிலேயே, இடக்கையால் அவளுடைய முழங்கையை அடியில் தாங்கிக்கொண்டாள். எண்ணுகிறவர்கள் கடைசி வரிசையிலிருந்து, ஒவ்வொரு கையாகச் சுட்டியபடி, முன்னால் வந்துகொண்டிருந்தார்கள்.