மொட்டைமாடிச் சட்டி

காஸ்பர் என்றைக்கு லாரி ரேடியேட்டரைத் தோளில் சுமந்துகொண்டு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தானோ, அன்றே சமையல்காரி ராயம்மாளுக்கு அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளை பெறுகிற இடத்தில் பட்டறைக்காரனுக்கு என்ன வேலை?

வேலை இருக்கத்தான் செய்தது. அவள் மகள் ரஞ்சிதம் எட்டாம் மாதத்திலேயே பெற்றுவிட்டாள். பெண் குழந்தை, பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். மார்கழிப் பனி கோட்டை மலையிலிருந்து இறங்கி அறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. உள்ளே கரியடுப்பு வைத்தால் புகையே குழந்தையைக் கொன்றுவிடும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் காஸ்பர் சமையலறை விறகடுப்புக்குள் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்தான். அங்கே சூடாகும் தண்ணீர் சுவரைத் தாண்டி, தொட்டிலருகே நின்ற ரேடியேட்டருக்குள் சுற்றி, ஆறித் திரும்பி வரும். இன்னொரு குழாய் மொட்டைமாடிக்கு ஏறி, வளைந்து, ஒரு சட்டிமேல் வாய் திறந்து நின்றது.

அடுப்பு, செம்புச் சுருள், ஆவி, சொட்டுகிற சட்டி. ராயம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் புருஷனைத் தீர்த்துக்கட்டிய சாராயம் இப்படித்தான் வடிந்தது. மதுவிலக்குப் போலீஸ் மடத்துக்குள் எட்டிப் பார்க்காது என்று இந்தத் திருட்டுப்பயலுக்குத் தெரியாதா?

“மேல இன்னாத்துக்குப்பா சட்டி?”

“தண்ணி கொதிச்சா அதுல சொட்டும்க்கா. சட்டி நெறைஞ்சா தீ ஜாஸ்தின்னு தெரிஞ்சிக்கலாம். அந்தக் கொழாய மட்டும் யாரும் தொடக்கூடாது.”

தொடக்கூடாதாம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மாடியேறிச் சட்டியை முகர்ந்து பார்த்தாள். துரு வாடையில் ஒன்றும் பிடிபடவில்லை. விரலால் தொட்டு நக்கினால் தெரிந்துவிடும். ஆனால் புருஷன் அவளுக்கும் அந்த ருசியைக் காட்டியிருந்தான். அவனைப் புதைத்த அன்று, இனி அது என் நாக்கில் படாது என்று மாதா முன்னால் சத்தியம் செய்திருந்தாள். நக்கவில்லை. மறுநாள் காலை ஒரு மரக்கட்டையில் துணியைச் சுற்றி, குழாய் வாயில் வைத்து உலக்கையால் அடித்து இறுக்கினாள். இனி வடிடா பார்க்கலாம் என்று இறங்கி வந்து அடுப்பில் சவுக்குக் கட்டைகளைச் செருகினாள்.

கஞ்சி கொதிப்பதற்குள் குழாய் தடதடவென்று அடித்துக்கொண்டது. ராயம்மாள் பயந்துபோய்க் குடத்தைத் தூக்கினாள். ஓடிவந்த காஸ்பர் குடத்தைத் தட்டிவிட்டான்.

“அடுப்புல தண்ணி ஊத்தாத, சுருள் வெடிச்சிடும். போய்க் கொழந்தைய வெளிய தூக்கினு வரச் சொல்லு.”

கொள்ளிகளை வெறுங்கையாலேயே பிடுங்கி முற்றத்தில் எறிந்தான். ரஞ்சிதம் குழந்தையோடு வாசலைத் தாண்டினாள். பின்னால் ரேடியேட்டர் பிளந்தது. கொதிநீர் வெற்றுத் தொட்டில்மேல் சீறிப் பாய்ந்தது.

சத்தம் அடங்கியதும் காஸ்பர் மாடிக்குப் போய், கொப்புளித்த கையில் கட்டையோடும் சட்டியோடும் முற்றத்துக்கு வந்தான்.

“இத யாரு அடிச்சது?”

ராயம்மாள் அவன் கையிலிருந்து சட்டியை வாங்கினாள். சட்டியின் அடியில் கிடந்ததை விரலால் தொட்டு நக்கினாள். வெறும் தண்ணீர். கொஞ்சம் துரு.

“நான்தான். சாராயம்னு நெனச்சிட்டேன்.”

“கேட்டிருந்தா நானே குடிச்சிக் காட்டியிருப்பேனேக்கா,” என்றான் காஸ்பர்.

முற்றத்தில் இன்னும் வெயில் ஏறவில்லை. குழந்தை குளிரில் முனகியது.

“குடும்மா, நெஞ்சோட அணைச்சிக்கினு இருக்கேன்,” என்று கையை நீட்டினாள் ராயம்மாள்.

ரஞ்சிதம் குழந்தையைத் தன்னோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்மாவின் கைகளை ஏற இறங்கப் பார்த்தாள். கொடுக்கவில்லை.