முதலில் தக்காளி

வேகாத பருப்பை மென்றுகொண்டே ஒருத்தி ‘நல்லாருக்குங்க’ என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மகள் அன்று காலை கேட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அம்மா கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள். அப்பா கரண்டியை அவள் வாய்க்கு நேராக நீட்டி, சொட்டு எதுவும் போர்வையில் விழாதபடி இடது கையைக் கீழே ஏந்தியிருந்தார். அம்மா வாங்கி மென்றாள். கறுக் கறுக்கென்ற சத்தம் வாசல்வரை கேட்டது.

“நல்லாருக்குங்க.”

“நெஜமாவா?”

“நேத்தைக்கு இன்னிக்குத் தேவல. கை பழகிடுச்சு உங்களுக்கு.”

மிச்சத்தை அப்பா தன் வாயில் போட்டுக்கொண்டார். முகம் ஒரு கணம் குழம்பியது. இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றவளே சொல்லிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டே சமையலறைக்குப் போனார். வாசலில் நின்ற மகளைப் பார்த்து, “வந்துட்டியா” என்றார். அவ்வளவுதான். அம்மாவின் இதயம் வீங்கிப்போய்விட்டது, இனி ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரயோஜனமில்லை, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதைப் போனிலேயே சொல்லிவிட்டிருந்தார். 

அப்பா சட்டைக் கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, நூல் தொங்குகிறதா, காலர் ஒரு பக்கம் தூக்குகிறதா, பொத்தான் ஓட்டை விலகியிருக்கிறதா என்று பார்ப்பார். குறை இருந்தால் ஆள்காட்டி விரலால் ஓரமாகத் தள்ளுவார். “ரிஜெக்ட்.” கத்த மாட்டார், திட்ட மாட்டார். அந்த ஒரு சொல்தான். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘செக்கிங்’. கடிதம் கொண்டு வருகிற ஆள்கூட “செக்கிங் வீடு இதுதானே?” என்றுதான் கேட்பார்.

அந்த விரல் வீட்டுக்கும் வரும். முதல் வாய் வைப்பார். நாக்கைச் சுழற்றுவார். தட்டை விரலால் தள்ளி, “ரிஜெக்ட்” என்பார். கையைக் கழுவிக்கொண்டு தெருமுனை ஹோட்டலுக்குப் போய்விடுவார். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன சட்டைகளைத் தொழிலாளிகளுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். மகள் வளர்ந்ததே அதில்தான், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும். வீட்டில் ரிஜெக்ட் ஆனதை அம்மா எடுத்துப்போய், அடுப்பின் பக்கத்தில் நின்றபடி தானே சாப்பிடுவாள். பிற்பாடு, மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு மெக்கானிக் வந்தான். டீயைக் குடித்துவிட்டு, எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் கேட்டைத் தாண்டும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு அவன் குடித்த தம்ளரை விரலால் தள்ளினார். மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். பல் செட் செய்கிற கடையில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், அதுவும் அம்மாவுக்காக.

அவள் சமையலறைக்குப் போனபோது அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் பிளாஸ்திரி. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த கொப்புளங்கள், சில ஆறியவை, சில புதியவை. ஒவ்வொரு துண்டையும் தூக்கிப் பார்த்து, ஒரே அளவில் இல்லாததை ஓரம் தள்ளினார். தள்ளிய குவியல்தான் பெரிதாக இருந்தது.

“சோறெல்லாம் வந்துடுச்சாப்பா?”

“மொதல்ல களி மாதிரி ஆச்சு. இப்ப பரவால்ல. இந்தப் பருப்புதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. கடைய மாத்தி மாத்தி வாங்கிட்டேன். எல்லாவனும் ரிஜெக்ட் சரக்கத்தான் தலையில கட்றான்.”

பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார். பருப்பைப் போட்டார். உடனே நறுக்கி வைத்திருந்த தக்காளியை எல்லாம் அள்ளிப் போட்டார். ஒரு முழு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், விதை விழாமல் விரல்களுக்கிடையில் வடிகட்டி, அவ்வளவு கவனமாக. பிறகு அடுப்பைப் பற்றவைத்தார்.

மகள் திகைத்து நின்றாள். புளிப்பு விழுந்த தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டுதான் நிற்கும். அடுப்படியில் கொஞ்ச காலம் நின்ற யாருக்கும் இது தெரியும். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதான்.

“தக்காளி இப்பவே போடணுமாப்பா?”

“பின்ன? மொதல்ல தக்காளி. அப்பதான் பருப்புல சாறு எறங்கும். உங்கம்மா படிச்சுப் படிச்சு சொல்லிருக்கா.”

“அம்மாவா? அப்டி போட்டா பருப்பு—”

“ஏய், இங்க வா” என்று அம்மாவின் குரல் வந்தது. மூச்சு வாங்கினாலும் குரல் கூர்மையாக இருந்தது. “போர்வ நழுவுது. வந்து இழுத்து விடு.”

போர்வை சரியாகத்தான் இருந்தது. அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“சொல்லாத.”

“என்னம்மா இது?”

“சொல்லாதன்னா சொல்லாத.”

“நீதான் அப்டி சொல்லிக்குடுத்தியா? வேணும்னேவா?”

அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள். உள்ளே கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம்.

“நான் என்ன, வெஷத்தையா வெக்கச் சொன்னேன்? தக்காளிதானே.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“குக்கர் இருக்கேம்மா. அதுல வெச்சா எப்டியும் வெந்துடுமே.”

“பரண்ல ஏத்தியாச்சு. உள்ள ரப்பர் போயிடுச்சு, வெச்சா வெடிக்கும்னு சொன்னேன். அவருதான் ஸ்டூல் போட்டு ஏத்துனாரு.”

“அவருக்கா தெரியாம போயிடும்?”

“எப்டி தெரியும்? அவருக்குக் குறையக் கண்டுபுடிக்கத்தான் தெரியும். அது எதனால வந்துச்சுன்னு தெரியாது. தெரிஞ்சா எதுக்கு செக்கிங்ல உக்காரணும்? தைக்கப் போயிருக்க மாட்டாரு?” பேசியதில் அவளுக்கு மூச்சு முட்டியது. கண்ணை மூடித் திறந்தாள். “நான் போனப்பறம் எத்தன வருஷம் இருப்பாரோ தெரியல. நாக்கு நல்லாத்தான் இருக்கு அவருக்கு. தானா சமச்சு, தானா சாப்புடட்டும். யாரத் தள்ளுவாருன்னு பாப்போம்.”

“அதுவரைக்கும் நீ ஏம்மா அத திங்குற? துப்பிடலாம்ல?”

“ரிஜெக்டு பீஸெல்லாம் நான்தான்டி சாப்டுருக்கேன். எனக்கென்ன புதுசா?” மணிக்கட்டை இன்னும் இறுக்கினாள். “நீ சொல்லிடக் கூடாது. சொன்னேன்னா நான் இங்க படுத்துக்கிட்டு இத்தன நாளா மென்னதெல்லாம் வீணாப்போயிடும்.”

மகள் மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள். போர்வையை இழுத்து விட்டாள்.

மத்தியானம் அப்பா மறுபடியும் கரண்டியோடு வந்தார். அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இருந்தும் வாயைத் திறந்தாள். நெடுநேரம் மென்றாள். அப்பா அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சைத் தாளைத் திருத்தும் வாத்தியாரின் பேனாவைப் பார்க்கும் பிள்ளையைப்போல.

“இன்னிக்குத்தான் பதமா வந்துருக்கு” என்றாள் அம்மா.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை மகள் அதுவரை பார்த்ததில்லை. “தண்ணி கொஞ்சம் கூட வெச்சேன்” என்றார். கரண்டியைக் கழுவ உள்ளே போனார். அம்மா மகளைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். மகள் தண்ணீர் எடுத்துவரப் போனாள். தம்ளரோடு திரும்பி வந்தபோது அந்தப் புருவம் இறங்கியிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. கீழுதட்டில் ஒரு பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, உடையாமல், முழுசாக.

அதை விரலால் துடைத்து எடுத்த பிறகுதான் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். லாரி ஓட்டுகிற சித்தப்பாவும் எதிர்வீட்டு டீச்சரும் மட்டும் கூட இருந்தார்கள். டீச்சர் தன் வீட்டிலிருந்து சோறும் காய்கறியும் எடுத்து வந்திருந்தார். அப்பா ஈரச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நேராகச் சமையலறைக்குள் போனார்.

“சார், நீங்க எதுக்கு? நான்தான் கொண்டாந்திருக்கேனே.”

“இருக்கட்டும் டீச்சர். நானே செய்றேன். அவ சொல்லிக்குடுத்திருக்கா.”

யாராலும் தடுக்க முடியவில்லை. வெகுநேரம் கழித்துப் பருப்பு வந்தது. தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பாவே பரிமாறினார். சித்தப்பா ஒரு வாய் வைத்தார், தாடையை நிறுத்தினார், மகள் பக்கம் திரும்பினார்.

“உன் கடைக்கு அப்பாவே ஆள் புடிச்சு அனுப்புறாரும்மா. இன்னும் ரெண்டு வாய் சாப்ட்டா எனக்கும் ஒரு செட்டு ஆர்டர் எடுத்துக்கோ.”

டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். யாராலும் முடியவில்லை. சித்தப்பாவுக்குத் தோள் குலுங்கியது.

அப்பா சிரிக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தையல் பிரிந்த சட்டையையும் அவர் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்.

“வேகல” என்றார்.

“விடுண்ணே. அண்ணி போன துக்கத்துல அடுப்ப சரியா பாத்திருக்க மாட்ட.”

“இல்ல. தெனமும் இப்டித்தான் இருக்கு. ஆனா அவ நல்லாருக்குன்னுதான் சொன்னா. நேத்துகூட சொன்னா.” மகளைப் பார்த்தார். “நீதான் இருந்தியே. சொன்னாள்ல?”

“சொன்னாங்க.”

“அப்பறம் ஏன் வேகல? உனக்குச் சமைக்கத் தெரியும்ல. நான் எதுல தப்பு பண்றேன்?”

அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. கொப்புளம் வெடித்த மணிக்கட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவள் வாயையே பார்த்தார். அவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வரிதான். பருப்பு வெந்தப்பறம் தக்காளி போடுங்கப்பா. அவ்வளவு சொன்னால் போதும்.

“அப்பா, அந்தத் தக்—”

“சார், அது கெடக்கட்டும். வயித்துக்கு எதையாவது போடுங்க” என்று டீச்சர் நடுவில் புகுந்து, தான் கொண்டுவந்த காய்கறியை அவர் தட்டில் வைத்தார். காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்த பெண். அம்மாவுக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே சிநேகிதி.

அப்பா ஒரு வாய் வைத்தார். நாக்கைச் சுழற்றினார். ஆள்காட்டி விரலால் தட்டைத் தள்ளினார்.

“ரிஜெக்ட்” என்றார். “உப்பே இல்ல.”

டீச்சரின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. சித்தப்பா தண்ணீர் குடித்தார். தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

“என்னமோ சொல்ல வந்தியே” என்றார் அப்பா. “தக்காளியா?”

டீச்சர் தலை நிமிர்ந்தார். “தக்காளிய நீங்க எப்ப சார் போடு—”

“டீச்சர், தண்ணி இல்ல பாருங்க உங்களுக்கு. இந்தாங்க” என்று மகள் சொம்பை அவர் கையில் திணித்தாள். திணித்தபோது அவர் விரல்களைச் சேர்த்து அழுத்தினாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவின் காலிக் கட்டிலைப் பார்த்தார். சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார்.

மகள் தன் தட்டிலிருந்த பருப்பில் ஒரு பெரிய கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். காதுக்குள் சத்தம் கேட்டது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தக்காளி இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்ருக்கலாம்” என்றாள். “மத்தபடி நல்லாருக்குப்பா.”

“அதான பாத்தேன்” என்றார் அப்பா. தம்பியைப் பார்த்து, “அவளும் நல்லாருக்குன்னுதான சொல்றா” என்றார். தன் தட்டை மறுபடியும் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அவள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அப்பா விடியுமுன்பே எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்திருந்தார். ஊர் தாண்டியதும் அவள் அதைத் திறந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.