அந்த வண்டியில் யார் இருந்தது?

காளியாயிக்கு எதையும் தெரிஞ்சுக்காம விட முடியாது. பக்கத்து ஊட்டுக்கு வந்த விருந்தாளி எந்த பஸ்ஸில் வந்தார், எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டர் ஏன் திடீர்னு மீசையை எடுத்தார், எல்லாத்துக்கும் பதில் தெரிஞ்சாத்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மலைமேல் இருக்கிற கிளியூரில் அவள்கிட்ட ரகசியத்தைக் காப்பாத்தின ஒரே ஆள் அவள் புருஷன் அங்கப்பன்தான்.

அந்த ரகசியமும் லேசுப்பட்டதில்லை. அவள் அண்ணன் மாதப்பன் சிலோனில் எப்படிச் செத்தான்? ஐம்பத்தினாலு வயசிலும் அவளுக்குத் தெரியாத ஒண்ணே ஒண்ணு அதுதான்.

அண்ணனும் அங்கப்பனும் ஒரே நாளில் மிலிட்டரிக்குப் போனவங்க. எண்பத்தேழில் அமைதி காக்கப் போறோம்னு சொல்லிக் கப்பல் ஏறினாங்க. நல்லா காத்தாங்க அமைதியை! தமிழனைக் காப்பாத்தப் போன பட்டாளம் தமிழனோடவே ரெண்டு வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டிச்சு. எண்பத்தெட்டு மாசியில் மாதப்பனுக்குப் பதிலா ஒரு தகரப்பெட்டியும் ஒரு காகிதமும் ஊட்டுக்கு வந்தது. ஊர் ரெண்டா நின்னது. நாட்டுக்காகச் செத்தவன்னு பாதிப் பேர் வந்து அழுதாங்க. நம்ம சனத்தைச் சுடப் போனவனுக்கு எழவு ஒரு கேடான்னு மீதிப் பேர் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவன் பேரில் ஒரு கல்லு நடலாம்னு அப்பா கேட்டப்போ ஊர்க்கூட்டத்தில் கைகலப்பே ஆகிப்போச்சு. கல்லு வரலை. அதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் சத்தமாச் சொல்றதில்லை, சொன்னா சண்டை வரும்.

தொண்ணூறில் அங்கப்பன் திரும்பி வந்தார். வந்த மூணாம் மாசம் பொண்ணு கேட்டார். கட்டிக்கிட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. "ஏனுங்க, எங்கண்ணன் எப்படிங்க செத்தான்?"னு அவளும் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போனாள். "கண்ணிவெடி"ன்னு ஒத்தை வார்த்தை வரும். அதுக்கு மேல கேட்டா, மனுஷன் அரிவாளை எடுத்துக்கிட்டு மிளகுக்கொடி பார்க்கக் கிளம்பிடுவார். இந்தாளு எங்கண்ணனை நடுரோட்டில் விட்டுட்டு ஓடியாந்துட்டாரோன்னு அவள் மனசு அரிச்சுக்கிட்டே இருந்தது.

தை மாசம் ஒருநாள் காலையில் செல்போன் அடிச்சது. ஒண்டிக்கடை முக்கில் மளிகைக்கடை வெச்சிருக்கிற சையத் இப்ராஹிம்.

"அக்கா, ஒரு அம்மா காரெடுத்துக்கிட்டு ரெண்டு நாளா மலையெல்லாம் சுத்தறாங்களாம். எண்பத்தெட்டுல சிலோன்ல இருந்த பட்டாளத்துக்காரர் இங்க யாருன்னு கேட்டாங்க. உங்க ஊட்டைக் கை காட்டிட்டனுங்க."

"எந்த ஊராமா?"

"கனடாங்கறாங்க. ஆனா பேச்சு சிலோன் பேச்சுங்கக்கா."

"தனியாவா வருது? வயசு என்ன இருக்கும்? மொகம் கோவமா இருக்குதா, சாதாரணமா இருக்குதா?"

"அக்கா, நான் பருப்பு விக்கறவன். போலீஸ் ஸ்டேஷன் வெக்கலைங்க."

அங்கப்பன் மேல்தோட்டத்தில் இருந்தார். காளியாயி அவரைக் கூப்பிடலை. கூப்பிட்டா ஆளு அந்தப் பக்கமா நழுவிடுவார், முதல்ல நாமளே விசாரிச்சு வெச்சுக்குவோம்னு கணக்குப் போட்டாள். பயமும் இருந்தது. சிலோனிலிருந்து ஒருத்தி பட்டாளத்துக்காரனைத் தேடி வர்றான்னா மாலை போடவா வருவாள்? ஆனா பயத்தைவிட அவளுக்கு ஆவல் ஒரு படி கூட.

களம் முழுக்க ராகி காஞ்சுக்கிட்டிருந்தது. ராகியோ நெல்லோ, தவசம் காயற களத்தில் காலில் எதையும் மாட்டிக்கிட்டு ஏறக்கூடாது. ஊடு தீப்பிடிச்சாலும் இவங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் களத்தில் ஓடுவாங்க. வர்ற வெளியூர்க்காரங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியுது? நேரா பூட்ஸோட ஏறுவாங்க, காளியாயி ஒரு கத்துக் கத்துவாள். அன்னைக்கும் கத்தறதுக்குத் தயாரா வாசலில் நின்னாள்.

கார் நின்னது. நாற்பத்தஞ்சு வயசு மதிக்கிற பொம்பளை, வெட்டின முடி, நீல ஸ்வெட்டர். களத்தோரம் வந்ததும் நின்னாள். குனிஞ்சு ரெண்டு ஷூவையும் கழட்டிக் கையில் எடுத்துக்கிட்டு, ராகி சிதறாம ஓரமா நடந்து வந்தாள்.

கத்த வந்த வாய் அப்படியே நின்னுபோச்சு. 'இவளுக்கு யாருடா இதைச் சொல்லிக் குடுத்தது?'

பேர் ஜெஸ்லின். பொறந்தது யாழ்ப்பாணம். காப்பியும் பலகாரமும் குடுத்துக் காளியாயி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். எதுக்கு வந்தேன்னு மட்டும் சொல்லலை. "அவரைக் கண்டுதான் சொல்லுவன், அக்கா. பிழையா நினைக்க வேண்டாம்." இவ அவருக்கு மேல அழுத்தக்காரியா இருக்கிறாளேன்னு காளியாயிக்கு எரிச்சலா வந்தது. வேற வழியில்லாம மேட்டைப் பார்த்து, "ஏனுங்க! ஆளு வந்திருக்குது, வாங்க!"ன்னு கூப்பிட்டாள்.

அங்கப்பன் கூடையோட இறங்கி வந்தார். ஜெஸ்லின் எழுந்து நின்னாள்.

"எங்கட வீட்டு முத்தத்தில நெல்லுக் காஞ்சது. நீங்கள் குந்தியிருந்து காலில சப்பாத்தைக் கழட்டினீங்கள். ஏன் கழட்டுறீங்களெண்டு நான் கேட்டன். எனக்கு அப்ப எட்டு வயசு."

அங்கப்பன் கூடையைக் கீழே வெச்சார். வெச்சவர் அப்படியே தரையில் உட்கார்ந்துட்டார்.

"எங்க சேர்வராயன் மலையில தவசத்தை மிதிக்க மாட்டோம், கண்ணுன்னு சொன்னேன்," என்றார்.

"அதை வைச்சுத்தான் மலையைத் தேடி வந்தனான்."

காளியாயிக்கு இருப்புக் கொள்ளலை. "என்னங்க இது? யாராச்சும் எனக்கு வெவரமாச் சொல்லுங்களேன்!"

அங்கப்பன் முப்பத்தேழு வருஷம் சொல்லாததை அந்தக் களத்தோரத்தில் சொன்னார். சோதனை போடப் போன ஊடு அது. தமிழ் தெரிஞ்சவன்னு அவரைக் கொல்லைப்புறத்துக்கு ஓடச் சொன்னாங்க. வழி முழுக்க நெல்லு. காலு தானா நின்னுடுச்சு, கை தானா கயித்தை அவுத்துச்சு. யோசிச்செல்லாம் செய்யலை. ரெண்டு பூட்ஸையும் கழட்டிட்டுப் பின்னால போறதுக்குள்ள, பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் சுவரேறிக் குதிச்சுப் பனங்காட்டுக்குள்ள ஓடிட்டான். அவர் வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார்.

"அது என்ர அண்ணா," என்றாள் ஜெஸ்லின். "வேணுமெண்டுதான் நீங்கள் விட்டதெண்டு அம்மா சாகுமட்டும் சொன்னவா."

"இல்லீங்க. நெல்லுன்னு நின்னேன். அவ்வளவுதான்."

"அண்ணா போன ஐப்பசியில புற்றுநோயில செத்துப்போனார். கனடாவில ஸ்கூல் பஸ் ஓட்டினவர். சாகிற நேரம் எனக்கு மட்டும் ஒண்டு சொன்னார்." அவள் தண்ணியை ஒரு மடக்குக் குடிச்சாள். "ஓடிப்போய் நாலாம் நாள், எங்கட சந்தி ரோட்டில வெடி வைச்சது அவர்தான். ஒரு ஆமி வண்டி சிதறிப் போனது. அந்த வண்டியில நீங்கள் இருந்தியளோ, தன்னை விட்ட மனுசனைத் தானே கொன்றுபோட்டனோ எண்டு கடைசிவரைக்கும் அவருக்கு நித்திரை இல்லை. நீ போய் அறிஞ்சு வா எண்டார்." சட்டுன்னு அவள் சிரிச்சாள், கண்ணில் தண்ணி கொட்டுச்சு. "நீங்கள் உயிரோட இருக்கிறியள்! ஐயோ, அண்ணாட்ட இதைச் சொல்ல ஏலாமப் போச்சே!"

அங்கப்பன் சிரிக்கலை. ஜெஸ்லின் அவர் மொகத்தையும் காளியாயி மொகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு.

"அப்ப அந்த வண்டியில... யார் இருந்தது?"

அங்கப்பன் தலையைத் திருப்பினார். அவர் காளியாயியைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு மீதி விளங்கிப்போச்சு. இல்லைன்னு சொல்லிடலாம். காலி வண்டிங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு சொன்னா வந்தவ நிம்மதியாப் போயிடுவாள். ஆனா ஒரு பதிலுக்காக வருஷக்கணக்கில் கெடந்து வேகறது எப்படின்னு காளியாயிக்கு இல்லாம வேற யாருக்குத் தெரியும்?

"எங்கண்ணன் இருந்தான்," என்றாள்.

ஜெஸ்லின் வாயைப் பொத்திக்கிட்டாள்.

"பூட்ஸைக் கழட்டி ஆளை விட்டதுக்கு எனக்குத் தண்டனை," என்றார் அங்கப்பன் தரையைப் பார்த்துக்கிட்டே. "முகாமை விட்டு நகரக்கூடாதுன்னுட்டாங்க. அந்த வண்டியில நான்தான் போயிருக்கோணும். எனக்குப் பதிலா மாதப்பன் ஏறினான். 'காலு வலிக்குதாடா'ன்னு கிண்டல் பண்ணிட்டு ஏறினான்."

காளியாயி புருஷனைப் பார்த்தாள். ஊரில் பாதி இவரையும் சனத்தைச் சுட்டவன்னு பேசிச்சு. இந்தாளு சுடாததுக்கு இத்தனை வருஷமா வெந்துக்கிட்டிருந்திருக்கிறார். பாவமா இருந்தது. அடிச்சுப் போடலாம்னும் இருந்தது.

"அதனாலதான் என்னைக் கட்டுனீங்களா?"

"மொதல்ல அதனாலதான்," என்றார். "அப்புறம் அதனால இல்லை."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

காளியாயி பொய் சொல்லலை. "இருந்திருக்க மாட்டேன்."

ஜெஸ்லின் கிட்ட வந்து அவள் காலடியில் மண்டி போட்டாள். என்னென்னமோ சொன்னாள், பாதி அழுகையில் கரைஞ்சுபோச்சு. கடைசியில் மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "வாற மாசம் எங்கட ஊர் மாதா கோயில்ல அண்ணாவுக்குப் பூசை, அக்கா. ஃபாதர் செத்தவையின்ர பேரை வாசிப்பார். உங்கட அண்ணாவின்ர பேரையும் வாசிக்கக் குடுக்கட்டோ? நீங்கள் ஓம் எண்டாத்தான்," என்றாள்.

காளியாயி வெடுக்குன்னு காலைப் பின்னால இழுத்துக்கிட்டாள். கொன்னவனுக்கும் செத்தவனுக்கும் ஒரே பூசையா? எழுந்து போடீன்னு சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"நான் மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காதீங்க," என்றாள். "என்னால முடியாது. நாளைக்கு முடியுமா, அதுவும் தெரியாது."

"ஓம், அக்கா."

"ஆனா வாசிக்கட்டும். எங்கண்ணன் பேரை மொதல்ல வாசிக்கோணும். உங்கண்ணன் பேரு அதுக்கப்புறம். சும்மா முணுமுணுன்னு இல்லை, சத்தமா வாசிக்கோணும்."

ஜெஸ்லின் பையைத் துழாவிப் பேனாவும் காகிதமும் எடுத்தாள். "பேரைச் சொல்லுங்கோ."

அங்கப்பன் சொல்ல வாயெடுத்தார். காளியாயி அவரைக் கையமர்த்திட்டு நிமிர்ந்து நின்னாள்.

"மாதப்பன்!" என்றாள். "கிளியூரு மாதப்பன்! வயசு இருபத்தி மூணு!"

மேல்தோட்டத்தில் காப்பிப்பழம் பறிச்சுக்கிட்டிருந்தவங்க, யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சு எட்டிப் பார்த்தாங்க.